குளிரில் நிற்பவனுக்கு ஒரு கம்பளித் தொப்பி

எங்கள் வீட்டு அலுமாரியின் அடித்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. திறந்தால் பிஸ்கட் இராது. ஒரு சோடி பின்னலூசி, அளவு நாடா, முனை மழுங்கிய பெரிய தையலூசி, சுருண்டு கிடக்கும் கம்பளி நூல் மிச்சங்கள் ஆகியவைதான் இருக்கும். அது என் உம்மும்மாவின் டின்.

சென்ற டிசம்பர் விடுமுறைக்கு முன் எங்கள் மனைப்பொருளியல் ஆசிரியை ஒரு வேலை தந்தார். ஒவ்வொருத்தியும் தலையோடு ஒட்டி நிற்கும் ஒரு கம்பளித் தொப்பி பின்ன வேண்டும். அதன் வரலாற்றையும் எழுதி வர வேண்டும். நான் தேடிப் படித்தவற்றில் பெரும்பகுதி, போர்முனையில் நின்ற வீரர்களுக்காகப் பெண்கள் வீட்டிலிருந்து பின்னி அனுப்பிய தொப்பிகளைப் பற்றியதாக இருந்தது. அதைப் படித்ததும் என் மனம் சற்றுப் பின்வாங்கியது.

"துவக்குப் பிடிக்கிறவங்களுக்கு நாங்க ஏன் உம்மும்மா பின்னிக் குடுக்கணும்?" என்று கேட்டேன்.

உம்மும்மா உடனே பதில் சொல்லவில்லை. டின்னை என் மடியில் வைத்தார். "மொதல்ல பின்னப் படிங்க புள்ள. பொறகு சொல்றன்" என்றார்.

ஆகவே தங்கைகளே, நானும் அந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன். முதலில் வரலாறு, பிறகு பின்னல், கடைசியில் உம்மும்மாவின் பதில்.

போர்முனைக்குப் போன தொப்பிகள்

முகத்தையும் கழுத்தையும் சேர்த்து மூடும் கம்பளிக் குல்லாவுக்கு ஆங்கிலத்தில் பாலக்லாவா என்று பெயர். இது கிரைமியாவிலுள்ள ஒரு துறைமுக ஊரின் பெயர். 1854இல் பிரித்தானியாவும் பிரான்ஸும் துருக்கியின் உதுமானியப் பேரரசோடு சேர்ந்து ரஷ்யாவுக்கு எதிராக அங்கே போரிட்டன. குளிர்காலம் வந்தபோது பிரித்தானியப் படையிடம் போதிய கம்பளி உடைகள் இல்லை. 1854 நவம்பர் 14இல் வீசிய கடும் புயலில், குளிருடைகளை ஏற்றி வந்த கப்பலும் பாலக்லாவாவுக்கு வெளியே மூழ்கிப் போனது. போரில் பட்ட காயத்தைவிடக் குளிரும் நோயும் கூடுதலான உயிர்களைக் கொண்டுபோன யுத்தம் அது. அந்த ஊரின் பெயர் பிற்காலத்தில் குல்லாவுக்கு நிலைத்துவிட்டது.

முதலாம் உலக யுத்தம் 1914இல் தொடங்கியபோது இந்தப் பின்னல் வேலை வீடுதோறும் பரவியது. நமக்கு நெருக்கமான ஒரு செய்தி இதில் உண்டு. அன்றைய பிரித்தானிய இந்தியாவின் படையினர் 1914 செப்டெம்பர் இறுதியில் பிரான்ஸின் மார்ஸெய் துறைமுகத்தில் வந்திறங்கினார்கள். அவர்களுள் பஞ்சாபி முஸ்லிம்களும் பதான்களும் ஏராளம். வெயில் நாட்டு உடையோடு வந்தவர்கள் சில வாரங்களிலேயே ஐரோப்பாவின் பனியிலும் சேற்றிலும் பதுங்கு குழிகளில் நின்றார்கள். அவர்களுக்காக அவ்வாண்டு ஒக்டோபரில் இலண்டனில் 'இந்தியப் படைவீரர் நிதியம்' என ஒன்று தொடங்கப்பட்டது. அதன் வழியாகக் கம்பளிக் குல்லாய்களும் காலுறைகளும் அனுப்பப்பட்டன. பெல்ஜியத்தில் 1914 ஒக்டோபர் 31ஆம் திகதி காட்டிய தீரத்துக்காக விக்டோரியா சிலுவை பெற்ற குதாதாத் கான் இந்தப் படையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம். அவ்விருதை வென்ற முதல் தென்னாசியர் அவரே.

அமெரிக்கா 1917இல் யுத்தத்தில் இறங்கியதும் அங்குள்ள செஞ்சிலுவைச் சங்கம் அளவுத் தாள்களை அச்சிட்டு மக்களிடம் கொடுத்தது. அதே ஆண்டு தொடங்கிய இளையோர் செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் பாடசாலைப் பிள்ளைகளும் பின்னினார்கள். ஆண்பிள்ளைகளும் வகுப்பறையில் ஊசி பிடித்தார்கள் என்பதை எங்கள் வீட்டு நானாமார் கவனிக்கவும்! 1918இல் ஜனாதிபதி வில்சன் வெள்ளை மாளிகையின் புற்றரையில் செம்மறி ஆடுகளை மேய விட்டார். அவற்றின் கம்பளி ஏலத்தில் விற்கப்பட்டு 50,000 டொலருக்கு மேல் செஞ்சிலுவைச் சங்கத்துக்குச் சேர்ந்தது.

1915இல் உருக்குத் தலைக்கவசம் போர்முனைக்கு வந்தது. வெடித்துச் சிதறும் குண்டுத் துண்டுகளிலிருந்து அது தலையைக் காத்தாலும் குளிரிலிருந்து காக்கவில்லை. உலோகம் வெப்பத்தை விரைவாகக் கடத்தும் என்பது நாம் விஞ்ஞான பாடத்தில் படித்ததுதான். இதனால் கவசத்துக்கு அடியில் அணிய மெல்லிய, ஒட்டிய தொப்பி தேவைப்பட்டது. இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கப் படை இப்படியொரு கம்பளித் தொப்பியைத் தன் வீரர்களுக்குக் கொடுத்தது. நாம் பின்னப் போவதும் இவ்வகைத் தொப்பியே: மடிப்பு இல்லை, குஞ்சம் இல்லை, தடித்த தையல் இல்லை.

ஏன் கம்பளி நூலே வேண்டும்?

கடையில் 'வுல்' என்று கேட்டால் பெரும்பாலும் அக்ரிலிக் நூலைத்தான் எடுத்துத் தருவார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத் தெரியும். ஆனால் ஒன்று ஆட்டின் மயிர். மற்றது பெற்றோலிய மூலப்பொருளிலிருந்து செய்தது.

கம்பளி இழை நமது தலைமயிரைப் போலவே கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. இழை நேராக இராமல் சுருள் சுருளாக இருப்பதால் நடுவே காற்று சிறைப்படுகிறது. அந்தக் காற்றுப் படலமே நமது உடற்சூட்டை வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கிறது. தன் நிறையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீராவியை உறிஞ்சிய பின்னும் கம்பளி தொடுவதற்கு ஈரமாகத் தோன்றாது. வியர்த்த தலைக்கு இது பெரிய உதவி.

அடுத்த காரணம் நெருப்பு. கம்பளி எளிதில் தீப்பற்றாது. பற்றினாலும் சுவாலையிலிருந்து எடுத்ததும் பொதுவாகத் தானே அணைந்துவிடும், உருகாது. அக்ரிலிக் போன்ற செயற்கை இழைகள் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். வெடியும் தீயும் உள்ள இடத்தில் நிற்பவருக்கு இது உயிர் பற்றிய விடயம். படையினருக்குத் தொப்பி சேர்ப்பவர்கள் '100 வீதம் கம்பளி' என்று கேட்பது இதனாலேயே.

நூலைச் சோதிக்க ஒரு வழி உண்டு. பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கிண்ணத்தில் தண்ணீரும் வைத்து, விரல் நீளத் துண்டைக் குறட்டால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். மயிர் கருகும் மணம் வந்து, சாம்பல் விரலில் பொடியானால் கம்பளி. பிளாஸ்டிக் மணம் வந்து, கறுத்த கெட்டி மணியாக இறுகினால் செயற்கை. நான் ஆசையோடு வாங்கி வந்த பச்சை நூல் கெட்டி மணியாகத்தான் இறுகியது! அதைத் தம்பியின் கழுத்துப் பட்டிக்கு ஒதுக்கிவிட்டு, உம்மாவின் கிழிந்துபோன கம்பளிச் சுவெட்டரைப் பிரித்து நூல் எடுத்தேன். பிரித்த நூல் சுருண்டு நிற்கும். கழியாகச் சுற்றி, இளஞ்சூட்டு நீரில் நனைத்து, நிழலில் தொங்கவிட்டால் நேராகிவிடும்.

தேவையானவை

நடுத்தரத் தடிப்புள்ள கம்பளி நூல் 100 கிராம், 5 மில்லிமீற்றர் பின்னலூசி ஒரு சோடி, மழுங்கிய பெரிய தையலூசி, அளவு நாடா, கத்தரிக்கோல். நிறம் கறுப்பு, காக்கி, கடும்பச்சை, மண்ணிறம் ஆகியவற்றுள் ஒன்று.

அளவு பார்த்தல்

எனது முதல் தொப்பி எங்கள் சோற்றுப் பானைக்கு அளவாக இருந்தது. காரணம், அளவு பார்க்காமல் தொடங்கியதுதான்.

ஒவ்வொருவர் கையும் ஒவ்வொரு விதம். சிலர் நூலை இறுக்கிப் பிடிப்பார்கள். சிலர் தளர விடுவார்கள். ஆகவே முதலில் 28 கண்ணிகள் போட்டு, 15 சென்ரிமீற்றர் உயரத்துக்கு ஒரு மாதிரித் துண்டு பின்னுங்கள். அதன் நடுவே 10 சென்ரிமீற்றர் அகலத்துக்குள் எத்தனை கண்ணிகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். 18 இருக்க வேண்டும்.

இனிக் கணக்கு. வளர்ந்த ஆணின் தலைச் சுற்றளவு ஏறத்தாழ 56 சென்ரிமீற்றர். பின்னல் இழுபடும் தன்மை உள்ளது. ஒட்டி நிற்க வேண்டுமானால் தொப்பி தலையைவிடச் சிறிதாக இருக்க வேண்டும். நாம் எடுப்பது 49 சென்ரிமீற்றர். ஒரு சென்ரிமீற்றருக்கு 1.8 கண்ணி வீதம் இது 88 கண்ணிகள். ஓரம் தைப்பதற்கு இரண்டைக் கூட்டினால் 90.

உங்கள் துண்டில் 18க்குப் பதில் 16 இருந்தால் என்ன ஆகும்? அதே 88 கண்ணிகள் 55 சென்ரிமீற்றர் ஆகிவிடும். தொப்பி தலையைப் பிடிக்காது. குனிந்தால் கண்ணை மறைக்கும். அப்படியானால் ஓர் அளவு சிறிய ஊசியை எடுங்கள். 20 இருந்தால் ஓர் அளவு பெரிய ஊசியை எடுங்கள்.

பின்னும் முறை

நிட், பேர்ல் என்னும் இரண்டு பின்னல்கள் தெரிந்தால் போதும். விளங்குவதற்காக நேர்ப்பின்னல், மறுபின்னல் என்கிறேன்.

நேர்ப்பின்னல்: நூல் பின்பக்கம் இருக்கட்டும். வலக்கை ஊசியை இடக்கை ஊசியிலுள்ள முதற் கண்ணிக்குள் முன்னிருந்து பின்னாகச் செலுத்துங்கள். நூலை ஊசியில் ஒருமுறை சுற்றி, கண்ணி வழியே முன்னால் இழுத்தெடுத்து, பழைய கண்ணியைக் கழற்றி விடுங்கள்.

மறுபின்னல்: நூல் முன்பக்கம் இருக்கட்டும். வலக்கை ஊசியை முதற் கண்ணியின் முன்புறமாக வலமிருந்து இடமாகச் செலுத்தி, நூலைச் சுற்றி, கண்ணி வழியே பின்னால் தள்ளி, பழைய கண்ணியைக் கழற்றுங்கள்.

1. கண்ணி போடுதல்: 40 சென்ரிமீற்றர் வால் விட்டு ஒரு சுருக்கு முடிச்சுப் போட்டு இடக்கை ஊசியில் மாட்டுங்கள். நேர்ப்பின்னல் போல ஒரு கண்ணி இழுத்து, பழையதைக் கழற்றாமல், புதியதையும் இடக்கை ஊசியிலேயே மாட்டுங்கள். இப்படி 90. இறுக்க வேண்டாம், இறுக்கினால் நெற்றியில் தழும்பு விழும்.

2. பட்டி: முதல் வரிசையில் 2 நேர்ப்பின்னல்; பிறகு 2 மறு, 2 நேர் என்று வரிசை முடியும் வரை. இரண்டாம் வரிசையில் 2 மறுபின்னல்; பிறகு 2 நேர், 2 மறு என்று முடியும் வரை. இவ்விரு வரிசைகளையும் மாறி மாறி 6 சென்ரிமீற்றர் உயரம் வரை பின்னுங்கள். ரப்பர் போல இழுபட்டுத் தலையைப் பிடிப்பது இந்தப் பட்டிதான்.

3. உடற்பகுதி: இனி ஒரு வரிசை முழுவதும் நேர்ப்பின்னல், அடுத்த வரிசை முழுவதும் மறுபின்னல். தொடக்கத்திலிருந்து 13 அல்லது 14 சென்ரிமீற்றர் உயரம் வந்ததும், ஒரு மறுபின்னல் வரிசையோடு நிறுத்துங்கள்.

4. உச்சி குறைத்தல்: 90 கண்ணிகளில் இரு ஓரங்களையும் விட்டால் 88, அது 11 வீதம் 8 பங்கு. முதற் குறைப்பு வரிசையில் ஓரக் கண்ணி 1 நேர். பிறகு '9 நேர், அடுத்த இரண்டையும் சேர்த்து ஒன்றாக நேர்' என்பதை 8 முறை. கடைசி ஓரம் 1 நேர். இப்போது 82 கண்ணிகள். அடுத்த வரிசை முழுவதும் மறுபின்னல், குறைப்பு இல்லை. அடுத்த குறைப்பு வரிசையில் 9க்குப் பதில் 8 நேர். 74 கண்ணிகள் மிஞ்சும். இப்படியே குறைப்பு வரிசை ஒவ்வொன்றிலும் நடுவிலுள்ள நேர்ப்பின்னலில் ஒன்று குறையும்; இடையே ஒரு மறுபின்னல் வரிசை வரும். 66, 58, 50, 42, 34, 26, 18 என்று எண்ணிக்கை 8 எட்டாகக் குறைந்து வரும். கடைசிக் குறைப்பில் ஓரம் 1, இரண்டிரண்டாகச் சேர்த்து 8, ஓரம் 1 ஆக 10 கண்ணிகள் நிற்கும்.

5. முடித்தல்: 50 சென்ரிமீற்றர் விட்டு நூலை வெட்டுங்கள். தையலூசியில் கோத்து அந்த 10 கண்ணிகளுக்குள்ளும் செலுத்தி இழுத்து இறுக்குங்கள். உச்சி மூடிக்கொள்ளும். பிறகு நேர்ப்பக்கம் உங்களைப் பார்க்க, இரு ஓரங்களையும் அருகருகே வைத்து, ஓரக் கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் இடையில் தெரியும் சிறு குறுக்கு நூலை இரு பக்கமும் மாறி மாறி எடுத்துத் தையுங்கள். தையல் தட்டையாக இருக்க வேண்டும். தடித்த தையலின் மேல் இரவு முழுவதும் கவசம் அழுத்தினால் தலை வலிக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒவ்வொரு குறைப்பு வரிசைக்குப் பின்னும் கண்ணிகளை எண்ணுங்கள். நான் 58 இருக்க வேண்டிய இடத்தில் 57ஐ எண்ணாமல் விட்டு, உச்சிக்குப் போன பின்பே பார்த்தேன். நழுவிய அந்த ஒரு கண்ணி கீழ்வரை ஓடி ஏணி போல ஓட்டை விட்டிருந்தது. "நழுவின கண்ணிய மறைக்க ஏலாது. அவிழ்த்துத்தான் எடுக்கணும்" என்றார் உம்மும்மா. அன்று பின்னேரம் முழுவதும் அவிழ்த்தேன். மற்றது கழுவுதல். கம்பளி இழையின் மேல் மீன் செதில் போன்ற நுண்ணிய செதில்கள் உண்டு. சுடுநீரில் போட்டுக் கசக்கினால் அவை ஒன்றோடொன்று பின்னித் தொப்பி சுருங்கி, குழந்தைக்குத்தான் அளவாகும். இளஞ்சூட்டு நீரில் மெதுவாக அமிழ்த்தி, முறுக்காமல் பிழிந்து, துவாயின் மேல் விரித்து உலர்த்துங்கள். கொடுக்கும்போது இந்தக் குறிப்பை ஒரு துண்டுத் தாளில் எழுதி உள்ளே வையுங்கள்.

உம்மும்மாவின் பதில்

என் தொப்பி முடிந்த இரவு உம்மும்மா அதைத் தன் முழங்காலில் மாட்டி நாலாபக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகுதான் சொன்னார்.

1990களில் ஒரு வருடம், மலைநாட்டிலுள்ள எங்கள் வீட்டு வளைவில் மண்மூடைகள் அடுக்கிக் காவலரண் ஒன்று போட்டிருந்தார்களாம். யுத்த காலம். அதைக் கடந்து போகும்போதெல்லாம் எல்லோருக்கும் பயம்; பெண்கள் தலை நிமிரமாட்டார்கள். மார்கழி மழையும் பனியும் கொட்டிய நாட்களில் இரவுக் காவலுக்கு ஒரு பையன் நிற்பான். இருபது வயதும் இராது. இரவு முழுவதும் அவன் இருமுவது வீட்டுக்குள் கேட்குமாம்.

உம்மும்மா உம்மாவின் வாப்பாவுடைய பழைய சுவெட்டரைப் பிரித்து மூன்று இரவுகளில் ஒரு தொப்பி பின்னினார். "ஊர் என்ன சொல்லும்?" என்று வீட்டில் கேட்டார்கள். நான்காம் நாள் ஒரு கோப்பை இஞ்சிப் பிளேன்டீயோடு அதையும் கொண்டுபோய்க் கொடுத்தார். பையன் இரண்டு கையாலும் வாங்கினான். மொனராகலைப் பக்கம் தனக்கு ஓர் உம்மா இருப்பதாகவும், பார்த்து மூன்று மாதமாகிறது என்றும் சிங்களத்தில் சொன்னானாம். அன்றிரவு இரும்புத் தொப்பிக்கு அடியில் அதைப் போட்டுக்கொண்டு நின்றான்.

சில வாரங்களின் பின் ஒரு காலையில் அவர்களை வேறெங்கோ மாற்றிவிட்டார்கள். மண்மூடைகள் மட்டும் கிடந்தன. அவன் பெயரும் உம்மும்மாவுக்குத் தெரியாது. அதன் பிறகு பத்திரிகையில் உயிரிழந்த படையினரின் படங்கள் வரும்போதெல்லாம் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாராம். அவன் முகம் வரவில்லை. "எல்லாப் படமும் நான் கண்டன் என்று சொல்ல ஏலாதே புள்ள" என்றார்.

சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் துவக்குக்குப் பின்னல்ல. இருமலுக்குத்தான் பின்னின" என்றார்.

என் கேள்விக்கு அது முழுமையான பதிலா என்று நான் இன்னமும் யோசிக்கிறேன். யுத்தம் சரியா, பிழையா என்பதற்கு ஒரு தொப்பி பதில் சொல்லாது. 1914இல் பின்னிய பெண்களாலும் யுத்தத்தை நிறுத்த முடியவில்லை. ஆனால் ஒரு மனிதன் குளிரில் நிற்கிறான் என்பதைக் காணாதது போல் இருக்க அவர்களால் முடியவில்லை. அதை நான் இப்போது விளங்கிக்கொள்கிறேன்.

எங்கள் வகுப்பில் 14 தொப்பிகள் சேர்ந்தன. யாருக்குக் கொடுப்பது என்று பேசியபோது ஒரு தோழி மண்சரிவை நினைவூட்டினாள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தையில் மலை சரிந்து தோட்ட லயன்களை மூடியபோது, மழைச் சேற்றில் நின்று தேடியவர்களுள் படையினரும் இருந்தார்கள். ஆகவே அடுத்த மாரிக்கு முன், மீட்புப் பணிக்குப் போகும் படையினருக்கென 7 தொப்பிகளும், ஆஸ்பத்திரியிலுள்ள வயோதிபர்களுக்கென 7 தொப்பிகளும் கொடுப்பதென்று தீர்மானித்தோம்.

எனது தொப்பி முதல் ஏழில் இருக்கிறது. யார் தலைக்குப் போகும் என்று எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதுமில்லை. பெயர் சொல்லாமல் கொடுப்பது நல்ல ஸதகா என்று சிறு வயதிலிருந்தே நாம் கேட்டு வளர்ந்தவர்கள்.

தங்கைகளே, உங்கள் வீட்டிலும் ஒரு பழைய டின் இருக்கக் கூடும். உம்மும்மாவிடமோ வாப்பும்மாவிடமோ கேட்டுப் பாருங்கள். பின்னலையும் படிக்கலாம், அவர்கள் இதுவரை சொல்லாத ஒரு கதையும் கிடைக்கலாம். பெற்றோரே, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை மாலையில் அரைமணி நேரம் ஊசியும் நூலும் எடுத்தால் அதை வீண் பொழுது என்று எண்ணாதீர்கள். எண்ணவும், பொறுக்கவும், பிழையைக் கண்டால் அவிழ்த்துத் திரும்பத் தொடங்கவும் அது எனக்குக் கற்றுத் தந்தது.

குளிரில் நிற்கும் ஒவ்வொருவரையும் வல்ல அல்லாஹ் காப்பானாக.

க.பொ.த. உயர்தரம், கலைப்பிரிவு